எதையும் மனசுல வச்சுக்காதவர்

மறதிக்காரர்களில் இரண்டு இனம் உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடுகிறவர் முதல் இனம். அவரால் யாருக்கும் கெடுதல் இல்லை; எனவே அவரைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை. இரண்டாவது இனம், மறப்பதையே ஒரு கொள்கையாக வைத்திருப்பது. இவர் நெஞ்சில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைக் கொஞ்சம் தழைத்துக்கொண்டு, "நான் எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு இல்லீங்க" என்பார். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அவராகவே சொல்வார். பேருந்தில் சொல்வார், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சொல்வார், சண்டையின் நடுவில் சொல்வார், சண்டையே இல்லாதபோதும் சொல்வார்.

இந்த இரண்டாவது இனத்தில் ஓர் உயர்ரகத்தைத்தான் இப்போது நாம் பார்க்கப் போகிறோம். மற்றவர்கள் வாயால் சொன்னதோடு நின்றுவிட்டார்கள். இவர் அதை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதி, சர்வரில் ஏற்றி, ஆறு கிளைகளில் ஓடவும் விட்டவர்.

ஆறு கிளைகள் என்றது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கிளைகளை. அங்கே கணினிப் பிரிவின் தலைவர் இவர். கணினிப் பிரிவு என்பது இவரும், ஓர் ஏசியும், அந்த ஏசியின் ரிமோட்டும்தான். மூன்றில் ரிமோட் அடிக்கடி காணாமல் போகும். பரிசோதனை நிலையத்தில் இவரை எல்லோரும் டோக்கன் சார் என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

டோக்கன் சாரிடம் நேற்றைய பேச்சை இன்று தொடர முடியாது. முயன்று பாருங்கள்.

"சார், நேத்துச் சொன்னேனே, அந்த பிரிண்டர்..."

"நேத்துன்னு ஒண்ணு என்கிட்ட கிடையாது. எந்தக் கிளை, எந்த பிரிண்டர், என்ன கோளாறு? முழுசா சொல்லுங்க."

தலைமைக் கிளையின் கவுண்டரில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணியை எல்லோரும் கவுண்டர் அக்கா என்பார்கள். அவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் டோக்கன் சாரைப் பார்த்ததும் பள்ளிப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்று, "ஐயா, நான் ஒரு பெண். இந்த நிலையத்துல வேலை பாக்குறேன். எனக்கு முன்னாடி இருக்கிறது ஒரு பிரிண்டர்" என்று ஆரம்பிப்பார். டோக்கன் சார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. இப்படித்தான் பேச வேண்டும் என்று தலையாட்டுவார்.

வீட்டில் மட்டும் இது பலிக்கவில்லை. காரணம், அவருடைய மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவர். யார் எப்போது என்ன சொன்னார், சொல்லும்போது இருமினாரா, இருமலுக்குப் பிறகு வாக்கியத்தை மாற்றினாரா என்பதெல்லாம் அந்த அம்மாளின் விரல் நுனியில் இருக்கும். எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கும் எதையும் விட்டுவிடாத ஒருவருக்கும் திருமணம் செய்துவைத்தவர் யாரோ, அவர் நகைச்சுவை தெரிந்தவர்.

இனி டோக்கன் கதைக்கு வருவோம்.

பரிசோதனை நிலையத்தின் சர்வர் முன்பெல்லாம் மனிதர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். காலையில் கவுண்டர் அக்கா பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால், "அக்கா வந்தாச்சு" என்று தன் உள்ளே குறித்துக்கொள்ளும். மாலை வரை மறுபடி கேட்காது. நோயாளிகள் பெருகினார்கள். ஒரு சர்வர் போதவில்லை என்று இரண்டாவது வாங்கினார்கள். அங்கே வந்தது வினை. முதல் சர்வருக்கு அக்காவைத் தெரியும், இரண்டாவதற்குத் தெரியாது. அக்கா ஒரு பட்டனைத் தட்டினால் முதலாவது "வாங்க" என்றது, அடுத்த பட்டனுக்கு இரண்டாவது "யாரு நீங்க?" என்றது.

"ஒரு நிமிஷம் வாங்கங்குது, மறு நிமிஷம் யாருங்குது. எங்க மாமியாரை உள்ள பூட்டி வச்சிருக்கீங்களா சார்?" என்றார் அக்கா.

டோக்கன் சாரின் வாழ்வில் அது பொன்னான வேளை. உலகம் கடைசியில் அவருடைய கொள்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சர்வர் யாரையுமே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார் அவர். உள்ளே வரும்போது ஒரு முறை பாஸ்வேர்டைச் சரிபார்த்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவோம். அதுதான் டோக்கன். இவர் இன்னார், இந்தக் கிளை, இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். அடியில் சர்வரின் ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்து இருக்கும். யாரும் அதைப் படிக்கலாம். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு பட்டனுக்கும் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். வாசலில் நிற்கும் ஜாவா நிரல் கையெழுத்தையும் தேதியையும் மட்டும் பார்க்கும். முகத்தைப் பார்க்காது. பெயர்ப் பட்டியலைப் பார்க்காது. அந்தச் சாவி இருந்தால் போதும், எந்த சர்வரும் எந்தச் சீட்டையும் சரிபார்க்கலாம்.

அருமையான ஏற்பாடு. குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் அதை நிலையத்தின் உரிமையாளரான டாக்டரம்மாவிடம் அவர் எழுதிக் கொடுத்த விதம் இருக்கிறதே! தூய தமிழில் எழுதினால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 'ஸ்டேட்லெஸ்' என்பதற்கு அகராதியைப் புரட்டி, தலைப்பில் கொட்டை எழுத்தில் 'நிலையற்ற அனுமதி முறை' என்று போட்டுவிட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்பா, ஏற்கனவே வாரத்துக்கு ரெண்டு தடவை படுத்துக்குது. இதுல நிலையில்லாம வேற ஆக்கணுமா?"

"இல்ல டாக்டர், நிலைன்னா இங்க ஞாபகம். அது எதையும் மனசுல வச்சுக்காது."

"உன்ன மாதிரி."

"என்னை மாதிரியேதான் டாக்டர்." அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. முதலில் சீட்டு ஒரு மணி நேரம் செல்லும் என்று வைத்தார். கவுண்டர் அக்கா மணிக்கு ஒரு தடவை ஏசியறைக்கு வந்து நின்று, "ஐயா, நான் ஒரு பெண்..." என்று தொடங்கினார். மூன்றாவது நாள் டோக்கன் சார் ஒரு மணியை அழித்துவிட்டு முப்பது நாள் என்று எழுதினார். ஒரே ஓர் எண் மாறியது. ஆறு கிளைகளிலும் அமைதி நிலவியது. முப்பத்தொன்பது ஊழியர்கள் இரண்டே வாரத்தில் தங்கள் பாஸ்வேர்டுகளைச் சுத்தமாக மறந்தார்கள்.

'வெளியேறு' என்று ஒரு பட்டனும் வைத்திருந்தார். அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள்.

"உங்க கையில இருக்கிற சீட்டு கிழியும்."

"சர்வருக்குத் தெரியுமா, நான் போயிட்டேன்னு?"

"நீங்க வந்ததே அதுக்குத் தெரியாதே!"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அந்த நிலையத்தில் இன்னும் பேசப்படுகிறது. அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை நிலையத்தின் மார்க்கெட்டிங்காரர் வேலையை விட்டார். நல்ல மனிதர், சிரித்த முகம், எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் தெரிந்தவர். கேக் வெட்டினார்கள். "உங்களை எல்லாம் மறக்கவே மாட்டேன்" என்று கண் கலங்கினார். சத்தியமாக மறக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை ஒரு நோயாளி கவுண்டர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, எதிர்த்தாப்புல புதுசா திறந்திருக்கிற லேப்ல இருந்து பேசினாங்க. திங்கக்கிழமை எனக்கு சுகர் டெஸ்ட்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கே வந்து எடுத்துக்கிறாங்களாம்."

பத்து மணிக்குள் இப்படி ஏழு போன்கள். டாக்டரம்மா ஏசியறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வந்தது அதுவே முதல் முறை.

"அந்த மார்க்கெட்டிங் ஆளு எதிர் லேப்ல உக்காந்துக்கிட்டு இன்னும் நம்ம லிஸ்டைப் பாத்துக்கிட்டு இருக்கான். நேத்தே அவன் கணக்கை எடுக்கச் சொன்னேனே?"

"நேத்தே அழிச்சிட்டேன் டாக்டர்."

"அப்புறம் எப்படி உள்ள போறான்?"

டோக்கன் சார் தொண்டையைச் செருமினார். கணக்கை அழித்தாயிற்று. ஆனால் சர்வர்தான் கணக்கையே பார்ப்பதில்லையே! சீட்டைத்தான் பார்க்கும். வியாழக்கிழமைதான் மார்க்கெட்டிங்காரர் "புது போன் வாங்கியிருக்கேன் சார், ஒரு தடவை உள்ள விட்டுடுங்க" என்று புதுச் சீட்டு வாங்கிப் போயிருந்தார். கையெழுத்து சரி. தேதி சரி. இன்னும் இருபத்தெட்டு நாள் செல்லும்.

"திருப்பி வாங்கு."

"கொடுத்த சீட்டைத் திருப்பி வாங்க முடியாது டாக்டர். யார் யாருக்குக் கொடுத்தோம்னு நாம வச்சுக்கிறது இல்ல."

டாக்டரம்மா அவரைச் சில நொடிகள் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன் நரம்பைத் தேடுகிற பார்வை.

"திங்கக்கிழமை காலை ஆறு மணிக்குக் கவுண்டர் திறக்கும்போது அவன் வெளிய இருக்கணும். இல்லன்னா நீ வெளிய இருப்ப."

டோக்கன் சாருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. ரகசியச் சாவியை மாற்றுவது. சாவி மாறினால் பழைய கையெழுத்து எதுவும் பொருந்தாது. மார்க்கெட்டிங்காரர் வெளியே விழுவார். பதினொரு மணிக்கு மாற்றினார். விழுந்தார். அவரோடு சேர்ந்து ஆறு கிளைகளும் விழுந்தன. அன்று சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பசித்தவனுக்குத் தொழில்நுட்பம் புரியாது. ஏசியறையில் மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அலறின.

"சார், பாஸ்வேர்டு கேக்குது!"

"போடுங்க அக்கா."

"பாஸ்வேர்டா? அது எந்தக் காலத்துல சார்! நீங்கதானே சொன்னீங்க, இனிமே எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்னு? இங்க ஒருத்தர் மயக்கம் வருதுங்கறார், இன்னொருத்தர் என்னைக் கடிச்சிடுவார் போல இருக்கு!"

ஒன்பது நிமிடத்தில் பழைய சாவியைத் திரும்பப் போட்டார். கையில் இருந்த பழைய சீட்டுகள் எல்லாம் மறுபடி செல்லுபடியாயின. முப்பத்தெட்டு பேரும் உள்ளே வந்தார்கள். முப்பத்தொன்பதாவதாக மார்க்கெட்டிங்காரரும் வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டோக்கன் சார் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தார். எதிரில் மனைவி பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ரெண்டு மணி நேரமா அதையே முறைக்கிறீங்க? அது பயப்படுற மாதிரி தெரியல."

அவர் சொன்னார். முழுதும் சொன்னார். சாவியை மாற்றினால் எல்லோரும் வெளியே. மாற்றாவிட்டால் அவன் உள்ளே. காலையில் வேலை போய்விடும்.

"அந்த ஒருத்தனை மட்டும் நிறுத்துறதுக்கு வழி இல்லையா?"

"நிறுத்தணும்னா சர்வர் ஆளை ஞாபகம் வச்சுக்கணும். அது கூடாது. அதுதான் இந்த முறையோட உயிரே. என் சர்வரும் என்னை மாதிரிதான். எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல."

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"யாரு, நீங்களா?"

"ஆமா."

"என் தம்பி வீட்டுக்கு நீங்க போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது வேற."

"அவன் கல்யாணத்துல குடும்பப் போட்டோவுக்கு உங்களைக் கூப்பிடலைன்னு பதினோரு வருஷமா அவன் வாசப்படி மிதிக்கல."

"பதினோரு வருஷம் இல்ல, பதினோரு வருஷம் நாலு மாசம். அதுவும் இடம் இல்லைன்னு சொன்னான் பாரு, மூணாவது வரிசையில இடது ஓரமா இடம் இருந்துது. ரெண்டு பேர் தாராளமா நிக்கலாம். பச்சைச் சட்டைக்காரர் பக்கத்துல."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி அவர் முகம் ஆயிற்று.

"எதையும் மனசுல வச்சுக்காதவர் வரிசை நம்பர் சொல்றார்" என்றார் மனைவி, சட்டையை மறுபடி எடுத்துக்கொண்டு. "நீங்க அப்ப ரெண்டாவது ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தீங்க. அது இருக்கட்டும். உங்களுக்கு எங்க வீட்டு ஆளுங்க யார் பேராவது தெரியுமா? என் சித்தப்பா பேரு?"

டோக்கன் சார் விசைப்பலகையில் தூசி தட்டினார்.

"பெரியம்மா பொண்ணு?"

"அந்த... உயரமா..."

"தெரியாது. வந்தா வாங்கன்னு சொல்வீங்க, போனா மறந்துடுவீங்க. நூறு பேரை மறந்துட்டு அவன் ஒருத்தனை மட்டும் வச்சிருக்கீங்க. ஒரு பாரமும் இல்லாம நடக்குதா இல்லையா? அதையே உங்க சர்வரையும் செய்யச் சொல்லுங்க. வர்றவங்க யாருன்னு தெரிய வேணாம். வரக் கூடாதவன் பேரு ஒண்ணு தெரிஞ்சா போதும்."

டோக்கன் சார் மனைவியைப் பார்த்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மரியாதையோடு அவர் பார்த்ததில்லை. பிறகு மடிக்கணினிப் பக்கம் திரும்பினார். விசைப்பலகை மழை மாதிரி சத்தம் போட்டது. வாசலில் நிற்கும் நிரல், கையெழுத்தையும் தேதியையும் பார்த்த பிறகு இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஒரு சின்னப் பட்டியலை. அதில் பெயர் இருந்தால் சீட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே விடக் கூடாது. இருபத்திரண்டு வரிகள். அதற்கு அவர் 'ஞாபகம்' என்று பெயர் வைக்கவில்லை. 'சிறு குறிப்பு' என்று வைத்தார். கொள்கைக்காரர் அல்லவா?

பட்டியலில் ஒரே பெயர்.

மறுக்கப்பட்டவருக்கு ஒரு வாசகம் காட்ட வேண்டும். 'அனுமதி இல்லை' என்று தட்டினார். பிடிக்கவில்லை. அழித்தார். கொஞ்சம் யோசித்து வேறொன்றைத் தட்டிவிட்டு, துணி மடிக்கவும் உதவினார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரிசை நகர்ந்தது. யாரிடமும் யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஆறு இருபதுக்குக் கவுண்டர் அக்காவின் கைபேசி அடித்தது. மார்க்கெட்டிங்காரர்.

"அக்கா, என்னக்கா இது? உங்க சர்வர் ஒருத்தரையும் ஞாபகம் வச்சுக்காதுன்னுதானே சொன்னாங்க? எனக்கு மட்டும் 'உங்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும்'னு வருது!"

"கேக் வெட்டுனோம்ல தம்பி? அந்த மரியாதைதான்" என்றார் அக்கா. "எங்க எல்லாரையும் யாருன்னே தெரியாதுங்குது. உனக்குத்தான் அந்தக் கொடுப்பினை. வைக்கிறேன், ஆளு நிக்கிறாங்க."

டாக்டரம்மா மறுபடி ஏசியறைக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"அப்போ இப்ப ஞாபகம் வச்சுக்குதா?"

"இல்ல டாக்டர். எதையும் வச்சுக்கல. அந்த ஒரு பேரைத் தவிர."

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்தாறு நாள். அவர் சீட்டு தானா காலாவதி ஆகிடும். அன்னிக்கே அவர் பேரும் பட்டியல்லேருந்து தானா அழிஞ்சிடும். தேவைக்கு மேல ஒரு நாள்கூட ஒருத்தர் பேரை வச்சுக்கிறது தப்பு டாக்டர்."

வேலை நிலைத்தது. சாயங்காலம் வீட்டில் நடந்ததை நடித்தே காட்டினார், டாக்டரம்மா உட்கார்ந்தது உட்பட. மனைவி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தீர்ப்பைப் படிக்கிற குரலில் சொன்னார்:

"'தேவைக்கு மேல ஒரு நாள்கூட ஒருத்தர் பேரை வச்சுக்கிறது தப்பு.' நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"என் தம்பியோட சீட்டு எப்பங்க காலாவதி?"

டோக்கன் சார் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அது வேற சர்வர்" என்றார்.

சொன்னபடியே ஒரு சனிக்கிழமை காலை பத்து பதினான்குக்கு மார்க்கெட்டிங்காரரின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. அன்று மதியமே தெருவில் அவரைப் பார்த்த டோக்கன் சார், தோளில் தட்டி, "எங்க ஆளையே காணோம்? நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தாராம். ஆறு கிளைகளின் நோயாளிகளைத் திருடப் பார்த்தவருக்கு மன்னிப்பு கிடைக்க முப்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு போட்டோவுக்குக் கூப்பிடாதவர் மட்டும் மூன்றாவது வரிசையில், பச்சைச் சட்டைக்காரர் பக்கத்தில், காலியாக இருந்த அந்த இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இன்னும் நிற்கிறார்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. "பாவம், என்ன மனுஷன்! நல்லவேளை, நான் எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் சொல்லியிருப்பீர்கள், நெஞ்சில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து.

அப்படிச் சொல்லும்போது சட்டென்று ஒரு முகம் வந்து போயிற்றே, அது யார்? எத்தனாவது வரிசை?